யாழ்ப்பாணத்திலிருந்து மலையில் ஒரு தியான நிலையத்துக்கு: முதல்முறை போகிறவர்களுக்கான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பௌத்த தியான நிலையம் ஒன்றில் சில நாள் தங்கிவர நினைத்தால், விவரம் எடுப்பதே பெரும்பாடு. ஆங்கிலத்தில் இருப்பவை வெளிநாட்டுப் பயணிகளுக்காக எழுதப்பட்டவை. சிங்களத்தில் இருப்பவை அந்தச் சூழலிலேயே வளர்ந்தவர்களுக்கானவை. உருத்திராட்சத்தைக் கழற்ற வேண்டுமா, சீனி வருத்தக்காரர் இரவுச் சாப்பாடு இல்லாமல் என்ன செய்வது, பத்து நாள் முகாமுக்கு எத்தனை நாள் லீவு போடுவது என்று எங்கள் ஆட்கள் கேட்கும் கேள்விகளுக்குத் தமிழில் பதில் தேடி நான் நன்றாக அலைந்துவிட்டேன். நீங்களும் அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஓய்வுக்காகவும் மனம் கொஞ்சம் இலேசாவதற்காகவும் போகிறவர்களை நினைத்தே எழுதியிருக்கிறேன். ஆழமான பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு இது காணாது.

1. எந்த மாதிரி இடம் என்று முதலில் முடிவெடுங்கள்

மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். தியான நிலையம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து, இடம் கிடைத்த முதல் நிலையத்துக்கு வெளிக்கிட்டுவிடாதீர்கள். இலங்கையில் பொதுமக்கள் போய்த் தங்கக்கூடியவற்றை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, எஸ். என். கோயங்கா என்ற ஆசிரியரின் வழியில் விபாசனா என்னும் தியானத்தைப் பழக்கும் நிலையங்கள். பேராதனைக்கு அருகே ஹிந்தகல மலையில் தம்ம கூட, கொஸ்கமவில் தம்ம சோபா, அநுராதபுரத்தில் தம்ம அநுராதா என்று மூன்று இருக்கின்றன. புதியவர்களுக்குப் பத்து நாள் முகாம் மட்டுமே. ஒருநாள், மூன்றுநாள் முகாம்கள் ஏற்கெனவே பத்து நாள் முடித்தவர்களுக்குத்தான். அதிகாலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். இரவு ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. இடையில் ஏறக்குறைய பத்து மணித்தியாலம் இருந்து தியானம். பத்தாம் நாள் வரை, கூட இருப்பவர்கள் யாரோடும் கதைக்க முடியாது. வாசிக்க, எழுத, பாட்டுக் கேட்க அனுமதியில்லை. ஆண், பெண் பகுதிகள் முற்றாகப் பிரிந்திருக்கும். கணவன் மனைவியாகப் போனாலும் அப்படித்தான்.

இரண்டாவது, நிலம்பே போன்ற இடங்கள். கண்டியிலிருந்து கலஹா போகும் பாதையில், தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே இருக்கிறது நிலம்பே பௌத்த தியான நிலையம். உபுல் நிசாந்த கமகே அங்கு தலைமை ஆசிரியர். இருந்து செய்யும் தியானம், நடந்து செய்யும் தியானம், கூட்டுவது, மரக்கறி வெட்டுவது போன்ற வேலைகளையே தியானமாகச் செய்வது, வெளியில் போய் இருப்பது என்று நாள் கலந்து போகும். யோகாசனத்துக்கு நேரம் உண்டு. நூலகம் உண்டு. மாலையில் ஆசிரியரிடம் கேள்வி கேட்கலாம். மௌனம் இங்கும் உண்டு, ஆனால் பிடி அவ்வளவு இறுக்கமில்லை.

ஓய்வு வேண்டும், இயற்கை வேண்டும், முதல்முறை போகிறேன் என்றால் நான் நிலம்பேயைத்தான் சொல்வேன். விபாசனா அருமையான பயிற்சி. அது கடும் உழைப்பும்கூட. களைத்துப்போய்ப் படுக்க இடம் தேடுகிறவர் அங்கே போனால் மூன்றாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்து வாசலில் நிற்பார். முகாம் முடியும்வரை தங்குவேன் என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகிறோம் என்பதால் அது எல்லாருக்கும் சங்கடம்.

மெல்சிரிபுரவில் நா உயன போன்ற ஆரண்யங்களும், அதாவது காட்டு மடங்களும், இருக்கின்றன. காடு அழகுதான். ஆனால் அவை பிக்குகளின் வாழ்க்கையைச் சுற்றி அமைந்தவை. ஒரு முறையாவது வேறெங்கும் தங்கிப் பழகிய பிறகு அவற்றை யோசிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. "தியான முகாம்" என்ற பெயரில் ஸ்பாவும் ஆயுர்வேத எண்ணெயும் சேர்த்து டொலரில் விலை போட்டிருந்தால், பெரும்பாலும் அது ஹோட்டல். ஹோட்டலாகவே நினைத்துப் போனால் குறையில்லை. தியானம் பழகப் போகிறவருக்கு அது இடமில்லை.

2. வீட்டில் கதையுங்கள், உங்களோடும் கதையுங்கள்

எங்கள் ஊரில் பௌத்தம் என்ற சொல்லே சிலருக்கு வேறு நினைவுகளைக் கிளப்பும். விகாரையும் காணிப் பிரச்சினையும் கண்ணுக்கு முன்னால் நடக்கிற ஊர் இது. "அங்கே ஏன் போகிறாய்?" என்று அம்மா கேட்டால் அந்தக் கேள்வியைத் தட்டிவிடாதீர்கள், ஆறுதலாகப் பதில் சொல்லுங்கள். இந்த நிலையங்களில் மதம் மாறச் சொல்வதில்லை. சைவர்களும் கத்தோலிக்கர்களும் முஸ்லிம்களும் இருந்துவிட்டு வருகிறார்கள். அதேநேரம் உள்ளதையும் சொல்லிவிட வேண்டும். விபாசனா முகாம் தொடங்கும்போது புத்தம், தம்மம், சங்கம் என்ற மூன்றிலும் சரணம் சொல்லி, ஐந்து சீலங்களை, அதாவது ஒழுக்க நெறிகளை, ஏற்க வேண்டும். அதற்கு அவர்கள் தரும் விளக்கம், ஆளைச் சரணடையச் சொல்லவில்லை, அந்தக் குணங்களைச் சரணடையச் சொல்கிறோம் என்பது. அது உங்களுக்கு ஒத்துவருமா என்பதைப் பஸ் ஏற முதலே தீர்மானியுங்கள்.

விபாசனா நிலையங்களில் முகாம் முடியும்வரை செபம், மந்திரம், விரதம், ஊதுபத்தி எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். செபமாலை, உருத்திராட்சம், தாயத்து போன்றவற்றை வீட்டில் விட்டு வரச் சொல்வார்கள். சிவதீட்சை எடுத்து நாள்தோறும் அனுட்டானம் பார்க்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. விட மனமில்லை என்றால் அந்த முகாம் வேண்டாம்.

அடுத்தது இன்னும் முக்கியமானது. போரில் ஆளை இழக்காத வீடு எங்களிடம் குறைவு. நீண்ட மௌனத்தில் உட்காரும்போது அடக்கி வைத்தவை மேலே வரும். பலருக்கு அது ஆறுதலாக முடிகிறது. ஆனால் மனநோய்க்கு மருந்து எடுக்கிறவர்கள், நித்திரையே வராமல் அவதிப்படுகிறவர்கள், அண்மையில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள் பத்து நாள் மௌனத்துக்குள் நேரே இறங்கக்கூடாது. முதலில் உங்கள் வைத்தியரைக் கேளுங்கள். விண்ணப்பப் படிவத்தில் இதைப் பற்றிக் கேட்பார்கள். இடம் கிடைக்காதோ என்று பயந்து மறைக்காதீர்கள். தியானத்துக்குப் போகிறேன் என்று குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

3. நாளும் லீவும்

பத்து நாள் முகாமுக்குப் பத்து நாள் லீவு போதாது. முதல் நாள் பின்னேரம் போய்ப் பதிய வேண்டும், அது கணக்கில் வராது. முடிவது பதினோராம் நாள் காலையில். அதற்கு இருபக்கப் பயணத்தையும் சேர்த்தால் யாழ்ப்பாணத்தவருக்குப் பதின்மூன்று நாள் வேண்டும். நிலம்பேயில் ஐந்து நாள் என்றால் முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாதம் பார்த்துப் போங்கள். கண்டிப் பக்கத்து மலைகளில் சனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை மழை குறைவு, காலை வானம் தெளிவாக இருக்கும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை யோசித்துச் செய்யுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டத்தில் மண்சரிவில் உயிர்கள் போயின, பாதைகள் அடைபட்டன. மழைக்காலத்தில் போவதானால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். நிலையத்துக்கும் ஒரு அழைப்பு எடுத்துப் பாதை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

கண்டிப் பெரஹரா நடக்கும் யூலை, ஓகஸ்ட் நாட்களில் கண்டி நகரத்துக்குள் பஸ் மாறுவதே தலையிடி. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் அனேகமாக அதே காலத்தில்தான் வரும், அப்போது எங்கள் ஆட்கள் எப்படியும் ஊரை விட்டு அசைய மாட்டார்கள். கந்தசஷ்டி விரதகாரர் ஐப்பசியைத் தவிருங்கள். விரதத்தையும் முகாமையும் ஒன்றாகப் பிடிக்க முடியாது.

4. பதிவு

சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்க வேண்டாம். இரண்டு வகை நிலையங்களிலும் முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

விபாசனாவுக்கு உலகம் முழுவதற்கும் ஒரே இணையத்தளம். நிலையத்தையும் திகதியையும் தெரிந்து, படிவத்தை நிரப்ப வேண்டும். மொழி கேட்கும் இடத்தில் தமிழ் என்று தெளிவாகப் போடுங்கள். கோயங்காவின் அறிவுறுத்தல்களும் மாலை உரைகளும் தமிழில் ஒலிப்பதிவாக இருக்கின்றன. படிவத்தில் சொல்லாவிட்டால் அங்கே போய்க் கேட்டுப் பெறுவது கரைச்சல். உறுதிப்படுத்திய மின்னஞ்சல் வந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். முகாம் நெருங்க, வருகிறீர்களா என்று மறுபடி கேட்டு எழுதுவார்கள். அதற்குப் பதில் போடாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். அந்த மின்னஞ்சல் ஸ்பாமுக்குள் விழுவதும் உண்டு, அங்கேயும் பாருங்கள்.

நிலம்பேயில் கற்பித்தல் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும். சுமாரான ஆங்கிலம் காணும். வீட்டில் பேசிப் பழக்கமில்லாதவர்களுக்கும் விளங்கும் வேகத்தில்தான் கதைப்பார்கள்.

ஆவணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. தேசிய அடையாள அட்டை, அதன் ஒரு பிரதி, உறுதிப்படுத்திய மின்னஞ்சலின் அச்சுப் பிரதி, மருந்து எடுப்பவர் என்றால் வைத்தியரின் துண்டு. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த உறவினரைக் கூட்டிக்கொண்டு போனால் அவர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாப் பிரதியும் வேண்டும். முகாம் முடியும் நாளைத் தாண்டி விசா இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், உள்ளே இருக்கும்போது நீட்டிக்க முடியாது.

5. சாப்பாடும் மருந்தும்

சாப்பாடு மரக்கறி. காலையும் மத்தியானமும் வயிறு நிறையக் கிடைக்கும். இரவுச் சாப்பாடு என்று வீட்டில் பழகியது இருக்காது. விபாசனாவில் புதியவர்களுக்குப் பின்னேரம் ஐந்து மணிக்குத் தேநீரும் பழமும், அதோடு சரி. மத்தியானச் சாப்பாடு பதினொரு மணிக்கே வந்துவிடும் என்பதையும் கவனியுங்கள்.

சீனி வருத்தக்காரருக்கு இது விளையாட்டில்லை. பின்னேரம் ஐந்திலிருந்து அடுத்த நாள் ஆறரை வரை சாப்பாடில்லாமல் இருக்கும்போது வழமையான இரவுக் குளிசையோ இன்சுலினோ சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம். போக முதல் கிளினிக்கில் நேர அட்டவணையைக் காட்டி, அளவை எப்படி மாற்றுவது என்று எழுதி வாங்குங்கள். நிலையத்துக்கும் பதியும்போதே அறிவியுங்கள், உங்களுக்கு வேண்டிய ஒழுங்கைக் கேட்டு வையுங்கள். பிரஷர்காரர் குளிசையை இரண்டு மூன்று நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துப்போங்கள். மலையில் பாமசி கிடையாது.

6. பைக்குள் என்ன

குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், காலுறை, கழுத்தைச் சுற்ற ஒரு சால்வை. எங்கள் ஊர் மார்கழிப் பனியை வைத்து மலைக்குளிரைக் கணக்குப் போடாதீர்கள். விடியப்புறம் அசையாமல் இருக்கும்போது குளிர் முதுகால்தான் ஏறும்.

உடுப்பு தளர்வாக, வெளிர் நிறத்தில், உடம்பை மூடுவதாக இருக்கட்டும். ஆண்களுக்கு வேட்டியோ சாரமோ தளர்வான காற்சட்டையோ சரி. பெண்களுக்கு நீளப் பாவாடை அல்லது சல்வார். கையில்லாத சட்டையும் கட்டைக் காற்சட்டையும் வேண்டாம். நடக்கும்போது சரசரக்கும் துணியையும் வீட்டிலேயே விடுங்கள், அமைதியான மண்டபத்தில் அது எல்லாருக்கும் கேட்கும்.

டோர்ச் லைட் கட்டாயம். நிலம்பே நகரத்து வெளிச்சம் உள்ள இடமில்லை, அறையிலிருந்து மண்டபத்துக்கு இருட்டில் படியேற வேண்டும். பற்றரி, மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, குடை, வழுக்காத செருப்பு, படுக்கை விரிப்பு, சவர்க்காரம், ஒரு சின்ன மணிக்கூடு. போனைப் பார்த்து நேரம் அறிய முடியாது என்பதால் மணிக்கூட்டை மறக்க வேண்டாம்.

அட்டை பற்றி எங்கள் பக்கத்தவருக்குப் பழக்கமில்லை. மழை பெய்த புல்லில் நடந்தால் கணுக்காலில் நூல் மாதிரி மெல்லிசாக ஏறி, கொஞ்ச நேரத்தில் திராட்சைப்பழமளவு பருத்திருக்கும். வலிக்காது, நோயும் தொற்றுவது அரிது. பிடுங்கி இழுத்தால் இரத்தம் நிற்க நேரமெடுக்கும், நகத்தால் வாய்ப்பக்கத்தை மெல்ல நெம்பினால் விட்டுவிடும். நடக்க முதல் காலில் சவர்க்காரத்தைப் பூசிக் காயவிட்டால் பெரும்பாலும் ஏறாது. உப்புப் போட்டுக் கொல்ல வேண்டாம், உயிர் கொல்லாமை முதல் சீலமாக உள்ள இடத்தில் இருக்கிறோம்.

7. பயணமும் காசும்

ஏ9 வீதி கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிறது, 320 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு நேர் பஸ் இருக்கிறது. இரவு பஸ் எடுத்தால் விடியக் கண்டியில் இறங்கி, முகம் கழுவி, தேநீர் குடித்து, ஆறுதலாக அடுத்த பஸ் பிடிக்கலாம். கண்டிக்கு ரயில் ஓடும் நாட்களில் அதில் போக விரும்பினால் பொல்காவெலயில் மாற வேண்டும், பாரமான பையோடு நான் அதைச் சொல்ல மாட்டேன். அநுராதபுரத்து நிலையத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ரயில்தான் நல்லது, மாறாமல் இறங்கலாம், தூரமும் குறைவு.

நிலம்பேக்குக் கண்டியில் கலஹா வழியாகத் தெல்தோட்டை போகும் பஸ்ஸில் ஏறி, ஆபீஸ் சந்தியில் இறங்க வேண்டும். ஏறும்போதே நடத்துநரிடம் சொல்லி வையுங்கள். அங்கிருந்து ஏற்றமாக ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர். ஓட்டோ கிடைக்கும். இந்தப் பக்கம் முழுக்க மலையகத் தமிழர் வாழும் தோட்டங்கள். ஓட்டோக்காரரும் கடைக்காரரும் தமிழில் கதைப்பார்கள், மொழி தெரியாத இடம் என்று பயப்படத் தேவையில்லை. தம்ம கூடவுக்குக் கண்டியிலிருந்து மகாகந்த பஸ், பிறகு ஓட்டோ. எந்த ஓட்டோவிலும் ஏற முதல் விலையைப் பேசுங்கள், திரும்பி வரும் நாளுக்கும் அவரிடமே நேரம் சொல்லி வையுங்கள்.

விபாசனா முகாமுக்குத் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எதற்கும் கட்டணமில்லை. முன்னர் முடித்தவர்கள் கொடுத்த தானத்தில்தான் நீங்கள் சாப்பிடுகிறீர்கள். முதல்முறை போகிறவரிடம் முடியும்வரை காசு வாங்கவும் மாட்டார்கள். முடித்த பிறகு விரும்பியதை, இயன்றதைக் கொடுக்கலாம். நிலம்பேயில் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் நாட்கணக்கில் கட்டணம் உண்டு. சாமான் விலையோடு அதுவும் மாறும் என்பதால் பதியும்போதே கேட்டு எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் காசாகக் கண்டியிலேயே எடுங்கள். மேலே ஏரிஎம் இல்லை.

பின்னேரம் நான்கு மணிக்கு முதல் போய்ச் சேருங்கள். இருட்டிய பிறகு மலை ஏறி, அறை தெரியாமல் தடவுவது முதல் நாளையே கெடுத்துவிடும்.

8. உள்ளே போன பிறகு

போனை ஒப்படைக்க முன், நிலையத்தின் தொலைபேசி இலக்கத்தை வீட்டாருக்கு அனுப்பி, அவசரம் என்றால் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாதவரின் மனம் முகாம் முழுக்க வீட்டிலேயே நிற்கும்.

முதல் இரண்டு நாளும் நித்திரை அடிக்கும். முழங்கால் நோகும். மண்டபத்தில் கதிரை கேளுங்கள், தருவார்கள். கீழே இருந்தால்தான் தியானம் என்று ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் சேர்ந்த களைப்புத்தான் நித்திரையாக இறங்குகிறது. நிலம்பேயில் என்றால் மத்தியான இடைவேளையில் மனச்சாட்சி குத்தாமல் படுங்கள்.

புதியவர்கள் அதிகம் கெட்டுப்போவது முயற்சி கூடித்தான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை போல நெற்றியைச் சுருக்கி மூச்சைப் பிடித்துப் பார்ப்பார்கள். சோணர் என்ற பிக்கு காலில் இரத்தம் வர நடந்து தியானம் செய்து மனமுடைந்தபோது, புத்தர் அவருக்கு வீணை நரம்பை ஞாபகப்படுத்தினார்: இறுக்கினாலும் இசையில்லை, தளர்த்தினாலும் இசையில்லை. சோணர் வீட்டில் வீணை வாசித்தவர் என்பதால் அவருக்கு அது உடனே பிடிபட்டது. பௌத்தம் சொல்லும் விழிப்பின் ஏழு அங்கங்களில் மகிழ்ச்சி ஒன்று, உடலும் மனமும் தணிந்து அமைதல் இன்னொன்று. ஆகவே ஆறுதலாக இருப்பதைச் சோம்பல் என்று நினைத்துக் குற்றப்படாதீர்கள். அதுவும் பயிற்சிதான்.

இலேசாகும் நேரம் பெரும்பாலும் மண்டபத்துக்கு வெளியேதான் வரும். நிலம்பேயில் பின்னேரம் தேநீர்க் கோப்பையோடு எல்லாரும் மேற்குப் பக்கம் போய் இருப்பார்கள். ஒருவரும் கதைப்பதில்லை. கீழே பள்ளத்தாக்கில் முகில் நகரும். கோப்பைச் சூடு உள்ளங்கையில் இருக்கும். பக்கத்தில் ஒருவருக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வரும், அதைப் பார்த்து உங்களுக்கும் வரும். அப்போது அதைக் குறிப்பெடுக்க நினைக்காதீர்கள், சும்மா இருங்கள். இரவில் எல்லாருக்கும் நலம் வேண்டும் மைத்திரித் தியானத்தில், உங்களோடு கோபமாக உள்ள ஒருவருக்கும் நலம் வேண்டச் சொல்லும்போது தொண்டை அடைத்தால் பயப்பட வேண்டாம், அழுகை வந்தால் அழலாம். ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

தாங்க முடியாத ஏதாவது மேலே வந்தால் மட்டும் தனியாக வைத்திருக்காதீர்கள். எந்த மௌனத்திலும் ஆசிரியரோடு கதைக்க அனுமதி உண்டு. அதற்கென்று நேரமும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

9. திரும்பும்போது

முகாம் முடிந்த அன்றிரவே பஸ் எடுத்து, அடுத்த நாள் காலை எட்டு மணிக்குக் கந்தோரில் நிற்கத் திட்டம் போடாதீர்கள். பஸ்ஸின் பாட்டுச் சத்தமே காதைக் குத்தும். இயலுமானால் பகல் பஸ்ஸில், சன்னலோரம் இடம் பிடித்து வாருங்கள். ஆசனத்தைப் போக முதலே பதிந்து வையுங்கள், போயா விடுமுறை ஒட்டி வந்தால் பஸ்ஸில் நிற்கவும் இடமிருக்காது. வந்த அடுத்த நாளையும் லீவாக வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் குவிந்து கிடப்பவற்றுக்கு அன்றைக்குப் பதில் போட்டால் போதும்.